இடப்பக்கத்து சீட்டு

“மத்த சீட்டப் பத்திக் கவலையில்ல தம்பி. இந்த இடப்பக்கத்து சீட்டு மட்டும் நல்லா அதிரணும்.”

வசந்தகுமார் காருக்குள் எட்டிப் பார்த்தான். வண்டி வாங்கி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. சீட்டின் மேல் பாலித்தீன் உறைகூடக் கிழிக்காமல் இருந்தது.

கேட்டவர் பெரியகருப்பன். குன்றாண்டார்கோவில் பக்கம் போர்வெல் மோட்டார் இறக்கிக் கொடுக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். அன்னவாசலில் வசந்தகுமாரின் கார் ஆடியோ கடைக்கு வந்து இப்படி அதிரக் கேட்பவர்கள் எல்லாம் கல்யாணமாகாத பையன்கள்தான்.

“அந்த சீட்டுல யாருண்ணே உக்காருவாங்க?”

“என் சம்சாரம்.”

“அவங்களுக்குக் காது வலிக்குமேண்ணே?”

“அதெல்லாம் ஒண்ணும் செய்யாது.”

“அவங்ககிட்டக் கேட்டீங்களா?”

“கேக்கல. நீ வேலைய ஆரம்பி.”

டீ கொண்டுவந்த பக்கத்துக் கடை ராமு இதைக் கேட்டுக்கொண்டே நின்றான். வீட்டில் எந்த அளவுக்கு மிரட்டி வைத்திருந்தால் ஒரு மனுசனுக்கு இவ்வளவு நிச்சயம் வரும் என்று வசந்தகுமாரின் காதில் முணுமுணுத்துவிட்டுப் போனான்.

வசந்தகுமார் விவரம் சொன்னான். புது வண்டிகளில் பாட்டு செட் தனியாக இல்லை. வண்டியின் கம்ப்யூட்டரோடு சேர்ந்தது. ரிவர்ஸ் கேமரா, கதவு சரியாக மூடாவிட்டால் அடிக்கும் மணி, எல்லாம் அந்தத் திரைக்குள்தான். சத்தத்தைக் கூட்டினால் கம்பெனி செட் அதிர்வைத் தானாகவே குறைத்துவிடும். அதை மாற்றாமல் சீட்டு அதிராது. மாற்றினால் வாரண்டி போய்விடும்.

ஷோரூமிலும் இதையேதான் சொன்னார்களாம். புதுக்கோட்டையில் இரண்டு கடைக்காரர்கள் தொடவே மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

“வாரண்டி போனாப் போவுது. ஒன்னால முடியுமா முடியாதா?”

அந்தக் கேள்வி வசந்தகுமாரைச் சீண்டிவிட்டது.

முதல் நாள் சோதனையாகப் போனது. செட்டைக் கழற்றியதும் டேஷ்போர்டில் வரிசையாக விளக்குகள் எரிந்தன. கேமரா இருண்டது. சீட்டுக்கு அடியில் ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் வயர் லேசாக நகர்ந்ததில் அந்த விளக்கும் சேர்ந்துகொண்டது. புது வண்டியை இப்படிப் பார்த்தால் வேறு யாராவது சட்டையைப் பிடித்திருப்பார்கள். பெரியகருப்பன் ஒன்றுதான் கேட்டார். சீட்டு அதிருமா?

இரண்டாம் நாள் ஒரு யோசனை வந்தது. பழைய செட்டைத் தூக்கிப் போடாமல், வயரோடு டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். கம்ப்யூட்டர் ஏமாந்தது. அது தேடுகிற செட் அங்கேயே உயிரோடு இருந்தது. முன்னால் புது செட், நடுவில் இரண்டையும் இணைக்க ஒரு சின்னப் பெட்டி, சீட்டுக்கு அடியில் அதிர்வு கொடுக்கும் தட்டை ஊஃபர். மஞ்சள் வயரை அழுத்திச் செருகியதும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ரிவர்ஸ் போட்டால் கேமராவில் ராமுவின் டீக்கடை தெரிந்தது.

நான்கு மணிக்கு வால்யூமைத் திருப்பினான். சீட்டில் கிடந்த ஸ்க்ரூடிரைவர் நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது.

பெரியகருப்பன் அந்த சீட்டில் போய் உட்கார்ந்தார். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். பாட்டு முடிகிற வரை அசையவில்லை.

“தொடையில தெரியுது. முதுகுக்கு ஏறல தம்பி.”

வசந்தகுமாருக்குப் பொறுக்கவில்லை. “ஒங்களாலயே தாங்க முடியாமக் காதப் பொத்திக்கிறீங்க. அக்கா பாவமில்லையாண்ணே?”

அவர் சிரித்தார். “நாளைக்குக் கூட்டியாரேன். நீயே கேளு.”

சாய்மானத்துக்குப் பின்னால் இன்னொரு ஊஃபரைப் பொருத்தினான். ஆனாலும், நாளைக்குக் கட்டாயம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டான்.

மறுநாள் காலை பெரியகருப்பன் பைக்கில் மனைவியை அழைத்து வந்தார். பெயர் செங்கமலம். வசந்தகுமார் கதவைத் திறந்துவிட்டு, “சத்தம் தாங்கலன்னா கூச்சப்படாம சொல்லுங்கக்கா. கொறைச்சுருவோம்” என்றான்.

அவர் புருசன் முகத்தைப் பார்த்தார்.

பதில் பேசுவதற்குக்கூட அனுமதி வேண்டும்போல என்று வசந்தகுமார் நினைத்துக்கொண்டான்.

பெரியகருப்பன் உறுமிமேளப் பாட்டு ஒன்றைப் போட்டார். செங்கமலம் திடுக்கிட்டு சீட்டின் விளிம்பைப் பிடித்தார். வாசலில் நின்ற ராமு உச்சுக்கொட்டினான்.

பிடி மெல்லத் தளர்ந்தது. உள்ளங்கையை சீட்டில் பரப்பி வைத்தார். முதுகைச் சாய்த்தார். இன்னொரு கை முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தது.

பெரியகருப்பன் கதவுகளில் இருந்த நான்கு ஸ்பீக்கர்களையும் நிறுத்தினார். பாட்டு நின்றது. சீட்டில் மட்டும் அதிர்வு இருந்தது. தாளம் தப்பவில்லை. மேளம் நின்ற இடத்தில் விரல்கள் நின்றன. மறுபடி தொடங்கிய இடத்தில் தொடங்கின.

செங்கமலம் வாய்விட்டுச் சிரித்தார். புருசன் பக்கம் திரும்பி, கையை மேலே மேலே உயர்த்திக் காட்டினார்.

“அந்தம்மாவே கூட்டச் சொல்லுதா?” என்றான் ராமு.

“கூட்டு தம்பி,” என்றார் பெரியகருப்பன். “பொறந்ததுலருந்து அவளுக்குக் காது கேக்காது. இருவத்தாறு வருசமா நாங்க பாட்டுக் கேட்டுக்கிட்டு வருவோம், அவ எங்க மொகத்தப் பாத்துக்கிட்டு வருவா. இன்னிக்கு அவ கேக்குறா, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”