வேளிக் காயலில் இரட்டைப் படகு

வேளிக் காயலின் சிமென்ட் சரிவில் ஜீப் பின்பக்கமாக இறங்குகிறது. அது தள்ளிவரும் ட்ரெய்லரில், இரண்டு தோணிகளை ஒரே தளத்தால் சேர்த்தாற்போன்ற பழைய மோட்டார் படகு, புதுப் பெயின்டில் வெயிலை வாரி இறைக்கிறது. ராஜபாய் சக்கரத்தையே பார்த்தபடி கூடவே நடக்கிறாள். போன தடவை இதே சரிவில் உப்பேறிய பேரிங் இறுகி, சக்கரம் சுழலாமல் நின்றபோது கரையே சிரித்தது. அதன்பின் சக்கரங்களைக் கழற்றிப் புது பேரிங் போட்டு, முழங்கை வரை கிரீஸ் அப்பிக்கொண்டவள் அவள்தான். இப்போது சக்கரம் சத்தமில்லாமல் உருண்டு தண்ணீருக்குள் போகிறது.

"மெதுவா விடு, பினு!"

"பேடிக்காண்டாம் சேச்சி," என்று மலையாளத்தில் பயப்படாதே என்கிறான் ஜீப் ஓட்டும் பினு.

படகிலிருக்கும் அவள் கணவன் வேலாயுதன் கயிற்றை அவிழ்க்கிறான். படகு ஒருமுறை குலுங்கி, ட்ரெய்லரை விட்டு மிதக்கிறது. தோணிகளின் அடியில் ஃபைபர் வைத்து ஒட்டிய வெடிப்புகள் தாங்குமா? வேலாயுதன் இரு பக்க மூடிகளையும் திறந்து, குனிந்து, உள்ளே தடவிப் பார்க்கிறான்.

"ஒரு சொட்டு தண்ணி இல்ல புள்ள! ரெண்டும் காஞ்சு கெடக்கு!"

இடது இன்ஜின் இருமிப் பிடிக்கிறது. வலதும் சேர்ந்துகொள்கிறது. கரையில் கைதட்டல் எழுகிறது. வேலாயுதன் ஸ்டியரிங்கை விட்டு நகர்ந்து அவளுக்குக் கை நீட்டுகிறான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ராஜபாய் தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறுகிறாள்.

"காயல் கடல்ல சேர்ற பொழி வரைக்கும் போயிட்டுத் திரும்புவமா?" என்கிறான்.

"திரும்புறத அப்புறம் பாக்கலாம்," என்று அவள் இரண்டு இன்ஜின்களின் லீவரையும் ஒன்றாக முன்னே தள்ளுகிறாள்.