முப்பிடாதிக்குச் சுகர் இறங்கிய கதை

“இந்த மாத்திரையாலதான் சுகர் குறைஞ்சதுன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது.”

டாக்டர் செண்பகவல்லி மைக்கில் இப்படிச் சொன்னதும் பந்தலில் இருந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முப்பிடாதிக்குப் பகீரென்றது. அவருடைய தம்பி மகள் அவள். கடம்பூர்ப் பக்கத்துக் கரிசக்காட்டு ஊரிலிருந்து டாக்டருக்குப் படித்த முதல் பிள்ளை. தான் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியின் புது மாத்திரையைச் சொந்த ஊர்ச் சுகர்காரர்களுக்கே கொடுத்துப் பார்த்தாள். மாசாமாசம் ரத்தம் எடுத்தாள். எல்லாருக்கும் சுகர் மளமளவென்று இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில்தான் கம்பெனி மேனேஜர் இன்றைக்குப் போளிப் பெட்டியோடு வந்திருந்தார். சுகர்காரர்களுக்குப் போளி! அது கிடக்கட்டும்.

இந்த நேரத்தில் இவள் இப்படிப் பேசினால் வேலையல்லவா போகும்!

“ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?” முப்பிடாதி விறுவிறுவென்று மேடையேறினார். “முந்நூறுல கெடந்த சுகரு எனக்குப் பாதியாயிட்டு. நானே சாட்சி சொல்லுதேன்!”

“பெரியப்பா, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை குடுப்போம், அப்பத்தான் ஒத்துப் பாக்க முடியும்னு மொதல்லயே சொன்னேன்லா?”

“சொன்ன. அதுக்கென்ன இப்போ?”

“யாருக்கு எதுன்னு எனக்கே நேத்துத்தான் காட்டுனாங்க. ஒங்களுக்கு வந்தது வெறும் மாத்திரை.”

பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“வெறும் மாத்திரை தின்ன எல்லாருக்கும் சுகர் எறங்கியிருக்கு. எப்படி பெரியப்பா?”

முப்பிடாதி தலையைச் சொறிந்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“நீ ரத்தம் எடுக்குததுக்கு ரெண்டு மூணு நா முந்தியே ஊருல ஒருத்தரும் சோத்துல கை வைக்க மாட்டோம். மோரும் வெள்ளரிக்காயும்தான். நம்ம பிள்ளை மருந்து தோத்துரக் கூடாதுல்லா... நாந்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன்.”

செண்பகவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது.

மேனேஜர் அவள் பக்கம் குனிந்தார். “இது இந்தப் பந்தலோட போகட்டும் டாக்டர். வெறும் மாத்திரைக்காரங்களை விட்டுட்டு மத்தவங்களை மட்டும் எழுதிருங்க. எல்லாரும் செய்யிறதுதான்.”

“சார், இவங்க எம்மேல உள்ள பாசத்துல பட்டினி கெடந்தாங்க. நாளைக்கு இந்த மாத்திரையைக் கடையில வாங்கிச் சாப்பிடப் போறவங்க யாருக்காகப் பட்டினி கெடப்பாங்க?”

“அப்போ நாளையிலிருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்.”

“சரி சார்.”

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. போளிப் பெட்டியும் கூடவே போய்விட்டது.

பிள்ளை வேலைக்கு நாமே உலை வைத்துவிட்டோமே என்று முப்பிடாதிக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் அந்த ‘சரி சார்’ இருக்கிறதே! என்ன ஒரு நிமிர்வு! எங்க வீட்டுப் பிள்ளையாக்கும் என்று அவர் கை தானாக மீசைக்குப் போனது.

ஊருக்கே கேட்கும்படி மைக்கைப் பிடித்தார்.

“தாயி, நீ எந்த மருந்தைச் சோதிக்கணும்னாலும் நம்ம ஊருக்கே கொண்டா. அடுத்த மட்டம் சத்தியமா ஒருத்தரும் பட்டினி கெடக்க மாட்டோம். நான் பொறுப்பு!”