வால்ட்ஸ் தெரிந்த மாப்பிள்ளை

"வால்ட்ஸ்னா என்ன?"

"ஜெர்மன் வார்த்தை. உருளுறது, சுத்துறதுன்னு அர்த்தம்."

"நீ பாஸ்!" என்று போனில் சிரித்தாள் ஜோஸ்லின். "ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வரும்போது அப்பா இதெல்லாம் கேட்பார். டக்குனு சொல்லிடணும். அவருக்கு அறிவாளி மாப்பிள்ளைதான் வேணும்."

குர்கானில் ஐ.டி. வேலை பார்க்கும் பென்சன், அவள் போட்டோவைப் பார்த்ததுமே விழுந்துவிட்டவன். அவளுக்காக எதையும் படிப்பான்.

அவள் அப்பா இஸ்ரவேல் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவர். பாட்டு, ஆட்டம் பற்றிய ஆங்கில வார்த்தை எதுவானாலும், அது எங்கே பிறந்தது என்று நோண்டுவதில் அப்படியொரு கிறுக்கு.

ஞாயிற்றுக்கிழமை டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில், ஜோஸ்லின் வீட்டில், சமோசாவோடு பேச்சு ஆரம்பித்தது.

"தம்பி, ஆர்கெஸ்ட்ராங்கிறது முதல்ல என்ன தெரியுமா?" இஸ்ரவேல் கண்ணை மூடி, தொண்டையைச் செருமினார்.

"கிரேக்க நாடகத்துல ஆடுற இடம், அங்கிள்!"

இஸ்ரவேல் கண்ணைத் திறந்தார். "சரி... பியானோன்னா..."

"இத்தாலியன்ல மென்மையான்னு அர்த்தம். பியானோஃபோர்ட்டேங்கிறதோட சுருக்கம்!"

"போல்கா..."

"அதுக்கு ரெண்டு விதமா சொல்றாங்க அங்கிள். ரெண்டையும் சொல்லட்டா?"

சமையலறை வாசலில் நின்று கட்டைவிரலை உயர்த்தினாள் ஜோஸ்லின். பென்சனுக்கு ஜிவ்வென்றிருந்தது. இஸ்ரவேல் சமோசாவைத் தொடவே இல்லை.

அவன் படியிறங்கியதும் வெடித்தார்.

"இந்த மாப்பிள்ளை வேண்டவே வேண்டாம்! என்னைய ஒரு வார்த்தை பேச விட்டானா? நான் வாயத் தொறந்தாலே நீயும் ஒங்கம்மையும் எந்திரிச்சுப் போயிருதிய. வாற மருமகனாவது உக்காந்து கேப்பான்னு பாத்தா, எனக்கே பாடம் எடுக்கான்! ஒண்ணுமே தெரியாத ஒரு நல்ல பய இந்த டெல்லியில கெடைக்க மாட்டானா?"

"கஷ்டம்தான். தேடுவோம்ப்பா" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் அறைக்குள் போன ஜோஸ்லின், கதவைச் சாத்திவிட்டு, ரெண்டு வருஷமாகக் காதலிக்கும் பிராங்ளினுக்குப் போன் போட்டாள்.

"வால்ட்ஸ்னா என்ன?"

"தெரியலையே..."

"நீ பாஸ்! ஜல்தி வந்து பொண்ணு கேளு."