எடுக்காமல் எட்டிப் பார்ப்பது

மதிய வெயில் சன்னல் திரையின் இடுக்கு வழியே விசைப்பலகையில் கோடு போட்டிருக்கிறது. கணினியில் அதே சிவப்பு நிறப் பிழைச்செய்தி மறுபடியும் வந்து நிற்கிறது. கொடுத்த சொற்களை ஒவ்வொன்றாக வாசித்து, புதிய நிரலை எழுதித்தரும் நிரலான மேக்ரோ ஒன்று காலையிலிருந்து மக்கர் செய்கிறது. குழுத்தலைவி பொறுமையிழந்து பேனாவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து நாற்காலிக்காரருக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது, முகமே சொல்கிறது. ஆனால் அவருக்குத் திக்குவாய். "அ... அது அடுத்த சொல்லை..." என்று இழுக்கிறார். "அழிச்சிடுதா?" என்கிறாள். தலையசைத்து மறுக்கிறார். "மாத்திடுதா?" அவர் உதட்டை மூடிக்கொண்டு மேசையைப் பார்க்கிறார். அவர் சொல்லவந்ததைத் தானே பறித்துக்கொண்டிருப்பது அவளுக்குச் சுருக்கென்று தைக்கிறது. பேனாவைக் கீழே வைக்கிறாள். "சொல்லுங்க சார், நான் குறுக்க வரல." அவர் நிமிர்ந்து பார்க்கிறார். "எ... எடுத்துடுது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது, மேக்ரோவோட அடுத்த பகுதிக்கு ஒண்ணும் மிஞ்சாது. எடுக்காம, என்ன வருதுன்னு எ... எட்டி மட்டும் பாக்கணும். நமக்கானதுன்னா அப்புறம் எடுத்துக்கலாம்." அவள் ஒரு வரியை மாற்றி ஓட்டுகிறாள். சிவப்பு மறைகிறது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. அவர் எழுந்து போகவில்லை. "நா... நாளைக்குக் கூட்டத்துல இதை..." என்று ஆரம்பித்து, அடுத்த சொல்லில் சிக்கிக்கொள்கிறார். மீதி என்னவென்று அவளுக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கன்னத்தைக் கையில் தாங்கி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "...நா... நானே வி... விளக்கட்டுமா?" "நீங்கதான் விளக்கணும்," என்கிறாள், கேள்வி முழுசாக வந்து சேர்ந்தபிறகு.