வீட்டிலேயே பழக்கலாம்

"இந்தக் குட்டிய இன்னைக்கே கொண்டு போயிரும்மா. இங்க வேணாம்."

கதவைத் திறந்த கனகலட்சுமி சொன்ன முதல் வார்த்தையே இதுதான். ஆர்த்திகா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஆர்த்திகா நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். விளாங்குடியில் ஒரு வீட்டில் சிப்பிப்பாறை நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார்கள், எப்படிப் பழக்கலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். வந்தால் இப்படி ஒரு வரவேற்பு.

"அவ கெடக்கா. நீ உள்ள வாம்மா," என்று உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

ஹாலில் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி உட்கார்ந்திருந்தார். மடியில் குட்டி அவருடைய சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் எதிர்வீட்டு பாண்டிராஜ். கனகலட்சுமி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"ரெண்டு வழி இருக்கு சார்," என்றாள் ஆர்த்திகா. "நானே இங்க வந்து, உங்கள வச்சே பழக்குறது ஒண்ணு. இல்லன்னா சோழவந்தான் பக்கம் எங்க தோப்புல விட்டுருங்க. வளர்ந்ததும் பழக்கிக் கொண்டாந்து விடுறேன்."

"தோப்புக்கே போகட்டும்," அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

தங்கப்பாண்டி சிரித்தார். "கேட்டியாம்மா? தாய்கிட்ட இருந்து பிரிச்சுக் கொண்டாந்து ஒரு வாரந்தான் ஆகுது. மறுபடியும் பிரிக்கணுமாம்."

"தங்கச்சிக்கு ஏன் மாப்ள இது மேல இம்புட்டு வெறுப்பு?" என்றார் பாண்டிராஜ். "புள்ள மாதிரி மடியில கெடக்கு."

"அத ஏன் கேக்குறீங்க மச்சான். நேத்து என் புதுச் செருப்பக் கடிச்சுக் குதறிருச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லல. இவதான் செருப்பக் கொண்டுபோய் ஒளிச்சு வைக்கிறா. நான் வீட்டுக்கு வந்தா குட்டியத் தூக்கி மாடியில போட்டுப் பூட்டுறா."

"குட்டிய அடைச்சு வைக்கக் கூடாதுக்கா," என்று ஆர்த்திகா அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"அடிக்கிற முறை மட்டும் வேணாம்மா," என்றார் தங்கப்பாண்டி. "கழுத்துக்கு முள்ளுப் பட்டை, அடிக்க பெல்ட்டுன்னு ஒருத்தன் பழக்க வந்தான். வாசலோட அனுப்பிட்டேன். வாயில்லா ஜீவன். அத அடிக்கிறவன் மனுசனா?"

ஆர்த்திகாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ரெண்டு போட்டால்தான் கேட்கும் என்கிறவர்களையே பார்த்துப் பழகியவள் அவள்.

"அப்ப வீட்டிலேயே பழக்கலாம் சார்."

கனகலட்சுமி நிலைப்படிக்கு வந்துவிட்டாள். "வேணாம்மா. நான் சொல்றதக் கொஞ்சம் கேளு. இங்க இது..."

"கனகு," என்றார் தங்கப்பாண்டி. சத்தமாகக்கூட இல்லை.

அவள் உள்ளே போய்விட்டாள்.

"மாப்ளைக்கு இருக்கிற ஈரம் இந்தப் புள்ளைக்கு இல்லையே," என்று பாண்டிராஜ் முணுமுணுத்தார்.

ஆர்த்திகாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. குட்டியை வேண்டாம் என்று இவ்வளவு பிடிவாதமாக நிற்கிற பெண், ஆள் இல்லாத நேரத்தில் அதை என்ன செய்கிறாளோ?

"ஒண்ணு மட்டும் பாத்துருவோம் சார். வீட்டுல யாராச்சும் இது மேல கைய வச்சிருந்தா, பழக்குற விதமே வேற."

"அது எப்படித் தெரியும்?"

"அடிக்கப் போற மாதிரி சட்டுனு கைய ஓங்குங்க. அடி வாங்குன குட்டின்னா அப்படியே ஒடுங்கிரும். வாங்காத குட்டி சும்மா வேடிக்கை பாக்கும்."

பாண்டிராஜ் அடுப்படியை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஓங்குங்க மாப்ள. யாரு என்னன்னு தெரிஞ்சு போகும்."

தங்கப்பாண்டி குட்டியைத் தரையில் விட்டார். எழுந்து நின்று, சிரித்தபடியே வலது கையைச் சட்டென்று ஓங்கினார்.

குட்டி அண்ணாந்து பார்த்தது. விளையாடக் கூப்பிடுகிறார் என்று நினைத்ததோ என்னவோ, வாலை ஆட்டிக்கொண்டு அவர் காலில் ஏறியது.

அதே நேரம் நிலைப்படியில் தட்டு விழுந்தது.

காபி கொண்டுவந்த கனகலட்சுமி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ரெண்டு கையும் தலைக்கு மேலே. முகம் முழங்காலுக்குள்ளே. கொட்டிய காபி சேலையில் ஊறிக்கொண்டிருந்தது, சுட்டிருக்கும். அவள் அசையவில்லை.

தங்கப்பாண்டியின் கை இறங்க மறந்து அந்தரத்தில் நின்றது. பாண்டிராஜ் தரையைப் பார்த்தார்.

"அவ... கொஞ்சம் பயந்த சுபாவம்," என்றார் தங்கப்பாண்டி.

ஆர்த்திகா குனிந்து குட்டியைத் தூக்கினாள். "இத நான் கொண்டு போறேன் சார்."

எதிர்வீட்டுக்காரர் முன்னால் அவர் என்ன சொல்ல முடியும்? "போகட்டும், போகட்டும்," என்றார்.

வாசல் வரை பின்னாலேயே வந்தாள் கனகலட்சுமி, குட்டியின் பால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு. சேலையில் காபிக் கறை.

ஆர்த்திகா வாசலில் நின்று திரும்பினாள். "என் நம்பர் இருக்குல்லக்கா? எந்நேரம்னாலும் கூப்பிடுங்க. நான் வாரேன்."

கனகலட்சுமி குட்டியின் காதை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இதப் பத்தி நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்காக்கா?"

கனகலட்சுமி ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்.

"பயந்துபோயி கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுச்சுன்னா, காலப் புடிச்சு மட்டும் வெளிய இழுக்காதம்மா. ரொம்ப வலிக்கும்."