பிரிக்காத பொட்டலம்

விராலிமலைக்குப் பின்னால் சித்திரை வெயில் சாய்கிறது. மாசியில் கருத்தடை ஆப்பரேசன் செய்துகொண்ட நாகராசு, வாசலில் குந்தி அரிவாள் தீட்டுகிறான். வேலியோரம் அவன் மனைவி செவந்தி வாந்தி எடுத்து முடித்து, முந்தானையால் வாயைத் துடைக்கிறாள். “நரம்பை அறுத்தவனுக்கு ஏதுடி புள்ள? யாருதுன்னு சொல்லு,” என்கிறான் நாகராசு. படலைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் ஞானமணி வருகிறாள். “அறுத்தாலும் பழைய விந்து உள்ள தங்கியிருக்கும், மூணு மாசத்துக்கு உறை போடுங்கன்னு குடுத்தேனே. போட்டீங்களா?” தீட்டும் சத்தம் நிற்கிறது. கூரைக் கீற்றில் அவன் அன்றே செருகிய உறைப் பொட்டலம் பிரிக்கப்படாமலே ஒட்டடை படிந்திருக்கிறது. “உங்க முகத்துக்காக வாங்கிக்கிட்டேன், நர்சம்மா,” என்கிறான். செவந்தி அந்தப் பொட்டலத்தை உருவி அவன் முன்னால் வைக்கிறாள். “இப்பச் சொல்லுங்க, யாருது?” அவன் பெருவிரலால் கூர் பார்க்கிறான். தீட்டும் சத்தம் மறுபடி தொடங்குகிறது.