மூன்றாவது பாட்டில்

அந்தத் தெருவின் போர்வெல் தண்ணீரில் யுரேனியம் இருந்தது. சிறுநீரகங்கள் எந்த அளவுக்குக் கெட்டிருக்கின்றன என்று பார்க்க, வீட்டில் ஆளுக்கொரு சிறுநீர் பாட்டில் கொடுத்து வாங்குவது என் வேலை. வாங்கும்போது தொட்டுப் பார்ப்பேன். ஆறியிருந்தால் வாங்க மாட்டேன். நேற்றையதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

கடைசி வீட்டில் ஒரு தாயும் மகளும்தான். இரண்டு பாட்டில் கொடுத்தேன், மூன்று வந்தது. மூன்றாவது, பழைய மருந்து பாட்டில்.

"இது யாரோடது?"

"அவரோடது," என்றாள் தாய்.

"அப்பா போன வருஷமே கிட்னி போய் இறந்துட்டாருக்கா," என்றாள் மகள். "அம்மா, சும்மா இரேன்."

எரிச்சலோடுதான் லேபுக்கு அனுப்பினேன். தெருவிலேயே அதில்தான் யுரேனியம் அதிகம்.

கொல்லைகளில் இருந்த போர்வெல் குழாய்களை அடைத்து சீல் வைத்தோம். வீடுதோறும் ஃபில்டர் கொடுத்தோம். மாதாமாதம் தாய்க்கும் மகளுக்கும் அளவு இறங்கியது. மூன்றாவதில் இறங்கவே இல்லை. போய்த் தாயிடம் கேட்டேன்.

"ஃபில்டர் தண்ணி சப்புனு இருக்காம்மா. பழைய குழாயிலயே வாய வெச்சுக் குடிக்கிறாரு. நான் சொன்னா எங்க கேக்குறாரு? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

கொல்லைக் குழாயில் சீல் அப்படியே இருந்தது. குழாயின் வாய் ஈரமாக இருந்தது.

திரும்பி வந்தபோது மூன்று பாட்டிலும் வாசலில் இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஆறிப்போன இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, சூடாக இருந்ததை மட்டும் வாங்கிக்கொண்டேன்.